பி கன்ட்ரோலர் வெளியே வந்தது, ஒரு பைட்டும் போகவில்லை

மூன்றாவது முயற்சியில் பழுதான பி கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டேன். சர்வர்களுக்கு டிஸ்க் கொடுக்கும் ஸ்டோரேஜ் பெட்டி அது; ஒன்று போனாலும் மற்றது தாங்க, ஏ, பி என்று இரண்டு கன்ட்ரோலர்கள். பி-யின் ஒரு போர்ட் அடிக்கடி இணைப்பை விட்டுக்கொண்டிருந்தது. முதல் நாள் மல்டிபாத், அதாவது ஒவ்வொரு சர்வரும் டிஸ்க்கை அடையும் பாதைகளின் பட்டியல், பார்த்தால், ஒரு சர்வருக்கு பி வழியாக மட்டும்தான் பாதை. ஏ பக்கத்து சாஸ் கேபிள் (சர்வரையும் ஸ்டோரேஜையும் இணைப்பது) 'கிளிக்' ஆகாமலே தொங்கியிருக்கிறது. அன்றே பி-யை இழுத்திருந்தால் அந்த சர்வரின் டிஸ்க் மொத்தமும் மறைந்திருக்கும். மறுநாள் ரெய்டு ரீபில்ட், அதாவது ஒரு டிஸ்க்கின் டேட்டாவை மற்ற டிஸ்க்குகளிலிருந்து திரும்ப உருவாக்கும் வேலை, ஓடியதால் தொடவில்லை.

இன்று ஏ பக்கத்து கேபிளை 'கிளிக்' ஆகும்வரை செருகி, கேபிள்களில் சீட்டு ஒட்டி, பி-யை மென்பொருள் வழியாகவே நிறுத்தினேன். சர்வர்கள் பயன்படுத்தும் டிஸ்க் பகுதிகளான வால்யூம்கள் ஏ-க்கு மாறின. அப்புறம்தான் கேச் விளக்கு. டிஸ்க்குக்குப் போகாமல் ராமில் நிற்கும் டேட்டாவை ஃபிளாஷில் எழுதும் வரை அது மினுக்கும். ஏ-யிலும் அதன் நகல் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் ஏ-யும் படுத்தால்? கை துறுதுறுத்தது, மினுக்கல் நின்று, மேலும் ஒரு நிமிடம் விளக்கு அணைந்தே இருந்த பிறகுதான் திருகில் கை வைத்தேன். பி-யின் நீல அடையாள விளக்கையும் எரியவிட்டு ஒருமுறை சரிபார்த்தேன். பி மேலேயா கீழேயா என்ற நினைவை மட்டும் நம்பி இழுக்கவே கூடாது.

உடலின் நிலைமின்சாரம் பாகங்களைக் கெடுக்காமலிருக்க மணிக்கட்டில் எர்த் பட்டை. இரண்டு நெம்புகோலையும் ஒரே சீராக விரித்தால், உள்ளே இருக்கும் மிட்பிளேனிலிருந்து (கன்ட்ரோலர்களும் டிஸ்க்குகளும் செருகும் நடுப் பலகை) கனெக்டர் விடுபடுவது விரலிலேயே தெரியும். ஒரு பக்கம் முந்தினால் மாட்யூல் கோணிக்கொள்ளும். மிட்பிளேனில் ஒரு பின் வளைந்தாலும் இரண்டு கன்ட்ரோலருக்கும் சேர்ந்து ஆபத்து. பாதி வந்ததும் நிறுத்தி, அடியில் இன்னொரு கையைக் கொடுத்து வெளியே எடுத்தேன்.

புது மாட்யூலை வாங்கும் முன் விற்பவரிடம் கனெக்டர் பக்கத்துப் படம் கேட்டேன். மூன்று கோணத்தில் எடுத்து அனுப்பினார். அப்படிப்பட்டவரிடம்தான் இனி வாங்குவேன். அடுத்து சாஸ் கேபிள்கள் எல்லாவற்றையும் மாற்றவேண்டும். கூடுதல் டிஸ்க் பெட்டி ஒன்றும் மனதில் இருக்கிறது.

சரி, புதியது இன்னும் உள்ளே போகவில்லை. அதற்குள் இருக்கும் மென்பொருளான ஃபார்ம்வேரின் பதிப்பு ஏ-யுடன் பொருந்துகிறதா என்று பார்க்கவேண்டியிருக்கிறது. காலி இடத்தைத் திறந்தே விட்டால் காற்று அந்த வழியாகக் குறுக்கே ஓடி மற்ற பாகங்கள் சூடாகும். மூடித் தகட்டைச் செருகினேன். ஓலமிட்ட விசிறிகள் மெல்ல அடங்கின.