மடக்குக் கத்தி வாங்கும்போது

வேலூர் லாங் பஜார்ல ஒரு இரும்புச் சாமான் கடை. இன்னிக்கு ஒரு தம்பி மடக்குக் கத்தியை விரிச்சார், கட்டைவிரலால கூர் பார்த்தார், உடனே பணத்தை எடுத்துட்டார்.

கூர் போனா கல்லுல தேய்ச்சு மீட்டுக்கலாம். விரிச்ச அலகு மடங்காம பிடிச்சு நிறுத்துற லாக் சரியில்லைன்னா கத்தியே வீண்.

பட்ஜெட் கம்மின்னா முதல்ல பார்க்க வேண்டியது அதைத்தான்.

முழுசா விரிச்சு, முதுகுப் பக்கமா பிடிச்சு ஆட்டிப் பாருங்க. பக்கவாட்டில் லேசா ஆடுதா? திருகு வச்சதுன்னா கொஞ்சம் முறுக்கினா நின்னுடும். ரிவிட் அடிச்சதுன்னா வேண்டாம்.

மேலும் கீழுமா ஆடினா லாக்கே கோளாறு. எவ்வளவு விலை குறைச்சாலும் வச்சுட்டு வந்துடுங்க.

லைனர் லாக்னா, அதாவது பிடிக்குள்ள இருக்கிற ஒரு மெல்லிய தகடு அலகைத் தாங்கி நிறுத்துற வகைன்னா, உள்ள எட்டிப் பாருங்க. அந்தத் தகடு, அலகோட அடிப்பாகத்துக்குப் பின்னால நல்லா உட்காரணும். ஓரத்தை மட்டும் தொட்டு நின்னா, அழுத்தி வெட்டும்போது நழுவி விரல் மேலேயே மடங்கும். புதுசுலயே எதிர்ப்பக்கம் வரை போய் முட்டுதுன்னா, இனி தேய இடமே இல்லை.

420ங்கிற ரகம் மாதிரி மென்மையான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல கூர் சீக்கிரம் மழுங்கும், ஆனா சாதாரண கல்லுலயே திரும்ப வரும். தோட்டத்துக்கு அது போதும். கார்பன் ஸ்டீல் அருமையா கூர் பிடிக்கும். மாங்காய் நறுக்கிட்டுத் துடைக்காம மடிச்சா கறுத்துடும்.

சாணைச் சக்கரத்துல கொடுத்தா பக்கத்துலயே நில்லுங்க. அடிக்கடி தண்ணியில தோய்க்கச் சொல்லுங்க. சூடேறி விளிம்பு நீலமாச்சுன்னா, அந்த இடத்துல எஃகோட கடினம் போச்சு.