பட்டம் இல்லை என்று நிரூபிக்க எத்தனை காகிதம்: முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கிய அனுபவம்

அக்கா மகளுக்குப் பொறியியல் கலந்தாய்வில் இடம் கிடைத்துவிட்டது. மிகவும் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டில், ஒரு சுயநிதிக் கல்லூரியில், இ.சி.இ. பிரிவு. அவள் எடுத்த கட்ஆஃபுக்கு இடம் வரும் என்று தெரியும். எங்களை அலைக்கழித்தது முதல் பட்டதாரி சான்றிதழ்தான். அடுத்த வருடம் பிள்ளையைச் சேர்க்கப்போகிறவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

சாதிச் சான்றிதழ் பத்தாம் வகுப்பிலேயே எடுத்து வைத்திருந்தோம். கலந்தாய்வுக்கான ஆன்லைன் பதிவும் 500 ரூபாய் கட்டணமும் ஒரு மாலைப்பொழுதில் முடிந்தன. எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு அது 250 ரூபாய்.

குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போகும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை தரும் திட்டம் 2010-ல் வந்தது. இதற்கு வருமான வரம்பு கிடையாது. வருமானச் சான்று கேட்டால் தேவையில்லை என்று சொல்லலாம். ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் வந்தால்தான் சலுகை. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டு இந்தச் சான்றிதழைக் காட்டிப் பயனில்லை. குடும்பம் என்றால் யார் யார் என்பதும் வரையறுக்கப்பட்டிருக்கிறது: அப்பா, அம்மா, அப்பா வழித் தாத்தா பாட்டி, அம்மா வழித் தாத்தா பாட்டி, கூடப் பிறந்தவர்கள். இவர்களில் யாரும் பட்டதாரி இல்லை என்று வருவாய்த் துறை எழுதித் தர வேண்டும். இந்த வரையறையை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று கீழே வரும்.

இ-சேவை மையத்தில் கேட்க வேண்டியது ஆர்இவி-104, அதுதான் முதல் பட்டதாரி சான்றிதழுக்கான சேவை எண். கட்டணம் 60 ரூபாய். விண்ணப்பிக்க கேன் எண் வேண்டும், அதாவது இ-சேவையில் விண்ணப்பிப்பவருக்கு உருவாக்கித் தரும் பதிவு எண். சாதிச் சான்றிதழ் எடுத்தபோதே அவளுக்கு அது உருவாகியிருந்ததால் அதை வைத்தே விண்ணப்பித்தார்கள். ஆனால் அந்தக் கேன் எண்ணோடு மையத்துக்காரர் அப்போது இணைத்திருந்தது தன்னுடைய நம்பரை. எங்கள் விண்ணப்பம் விளக்கம் கேட்டுத் திரும்பி வந்த செய்தியெல்லாம் அவருக்குப் போயிருக்கிறது. அவர் நாளெல்லாம் வரும் நூற்றுக்கணக்கான செய்திகளோடு அதையும் விட்டுவிட்டார். நாங்கள் தாலுகா ஆபீஸில் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். விண்ணப்பிக்கும் முன் கேன் எண்ணில் யாருடைய மொபைல் இருக்கிறது என்று பாருங்கள். வேறு நம்பர் என்றால் முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள். விண்ணப்ப எண்ணை வைத்து நிலையை நீங்களே தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), துணை வட்டாட்சியர் என்று யாரிடம் நிற்கிறது என்பது அதில் தெரியும்.

திருப்பி அனுப்பியதற்குச் சொன்ன காரணம், குடும்பத்தார் எல்லோருடைய டி.சி.யும் இணைக்கப்படவில்லை என்பது. அக்கா எட்டாம் வகுப்பு, மாமா பத்தாவது ஃபெயில். அந்த இரண்டு டி.சி.யையும் கொடுத்திருந்தோம். என் அப்பா பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர். அம்மா மூன்றாவதோடு ஆடு மேய்க்கப் போனவர். மாமாவின் அப்பாவும் அம்மாவும் இறந்து பல வருடம் ஆகிறது. இதை வட்டாட்சியர் அலுவலகத்தில் இருந்த எழுத்தரிடம் சொன்னேன். "டி.சி. இல்லேன்னா நாங்க எதை வச்சு சார் எழுதறது? நாளைக்கு ஆடிட்ல கேட்டா யார் பதில் சொல்றது?" என்றார். அவர் கோபமாகப் பேசவில்லை. ஆனால் அவர் கேட்டதற்கு எங்களிடம் பதிலும் இல்லை. பட்டம் வாங்கியவரிடம் பட்டச் சான்றிதழ் இருக்கும், அதைக் காட்டிவிடலாம். படிக்காதவரிடம் படிக்கவில்லை என்பதற்கு என்ன இருக்கும்? சலுகை யாருக்காக வந்ததோ, அந்த வீடுகளில்தான் காகிதம் குறைவாக இருக்கும். இந்த ஒரு விஷயம்தான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

வழி சொன்னது வி.ஏ.ஓ. அம்மாதான். பள்ளிக்குப் போகாதவருக்கு டி.சி. கேட்க முடியாது, சுய உறுதிமொழியில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக "பள்ளி செல்லாதவர்", "மூன்றாம் வகுப்பு வரை", "காலமானார்" என்று தனித்தனியாக எழுதுங்கள் என்றார். மொத்தமாக "எங்கள் குடும்பத்தில் பட்டதாரி யாரும் இல்லை" என்று ஒரே வரியில் எழுதினால் மேலே போய்த் திரும்பி வருமாம். மாமாவின் அப்பாவுக்கு இறப்புச் சான்று இருந்தது, அம்மாவுக்கு இல்லை. தெருவில் வயதானவர்கள் இரண்டு பேரிடம் விசாரித்துத் தன் அறிக்கையிலேயே அதை எழுதிக்கொண்டார். அந்த வி.ஏ.ஓ. அம்மாவுக்கு எங்கள் குடும்பமே கடமைப்பட்டிருக்கிறது.

அப்புறம் பிரச்சினை என் மேலேயே வந்தது. நான் தொலைதூரக் கல்வியில் பி.ஏ. முடித்தவன். ஊரில் அது எல்லோருக்கும் தெரியும். அதே எழுத்தர் விசாரணை அறிக்கையைப் புரட்டிவிட்டு, "நீங்க பொண்ணுக்கு மாமாதானே? நீங்க டிகிரி. அப்புறம் எப்படி அது முதல் பட்டதாரி ஆகும்?" என்று கேட்டார். தாய்மாமன், சித்தப்பா, அத்தை யாரும் அந்த வரையறையில் இல்லை. இதை நான் வாயால் சொன்னபோது அவர் ஏற்கவில்லை. கலந்தாய்வுத் தகவல் கையேட்டில் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு "சரி, இருக்கட்டும்" என்று வாங்கி வைத்துக்கொண்டார். வாய்ச்சண்டையில் ஆகாதது அந்த ஒரு தாளில் ஆனது. எந்த ஆபீஸுக்குப் போனாலும் விதியின் நகல் கையில் இருக்கட்டும்.

இதையெல்லாம் தாண்டியபிறகுதான் பெரிய முட்டுக்கட்டை வந்தது. அக்காவுக்கு மூத்தது பையன். பி.எஸ்சி. சேர்ந்து இரண்டாம் ஆண்டில் நின்றுவிட்டான். மாமாவுக்கு இடுப்பில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாமல் போனது அந்த வருடம்தான். இப்போது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ரேஷன் கார்டில் அவன் பெயர் இருக்கிறது, கல்லூரிக்குப் போனதும் ஊருக்குத் தெரியும். "கல்லூரியில் படித்த சகோதரர் உள்ளார்" என்று குறிப்பெழுதி விண்ணப்பத்தை மறுபடி நிறுத்தினார்கள். கல்லூரிக்குப் போனது வேறு, பட்டம் வாங்கியது வேறு. அவன் முடிக்கவில்லை என்பதற்கு அந்தக் கல்லூரிதான் எழுதித் தர வேண்டும்.

பையன் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தான். இரண்டு பேரும் போனோம். அங்கிருந்த அலுவலகத்தில், போனஃபைடு சான்று இப்போது படிக்கும் மாணவர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். அப்படியானால் டி.சி. கொடுங்கள் என்றோம். நின்றுபோன வருடத்தின் பாக்கிக் கட்டணத்தைக் கட்டினால்தான் டி.சி. என்றார்கள். அவனுடைய பிளஸ் டூ அசல் மதிப்பெண் பட்டியலும் அவர்களிடமே இருந்தது. படிப்பை விட்டவனுடைய அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2018-லேயே அறிவிப்பு வெளியிட்டிருக்கிறது. அதைச் சொன்னதும், முதல்வர் விடுப்பில் இருக்கிறார், அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. தன்னால் தங்கச்சிக்குக் கிடைக்க வேண்டியது போய்விடுமோ என்று அவன் மனதில் ஓடியது முகத்திலேயே தெரிந்தது.

அடுத்த முறை நேராக முதல்வர் அறைக்குப் போனோம். இந்தத் தடவை எழுத்துப்பூர்வமான கடிதம் கையில் இருந்தது. அதில் யு.ஜி.சி. அறிவிப்பையும் குறிப்பிட்டு, எங்களுக்கு வேண்டியது இரண்டே வரி என்று எழுதியிருந்தோம்: ஒன்று, இந்த மாணவர் இன்ன ஆண்டில் சேர்ந்து பட்டப்படிப்பை முடிக்காமல் இடைநின்றார், இரண்டு, இவர் முதல் பட்டதாரி சலுகை எதையும் பெறவில்லை. முதல்வர் படித்தார், பையனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், அங்கேயே தட்டச்சு செய்யச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பாக்கிப் பணத்தைப் பற்றிப் பேச்சே எழவில்லை. அசல் மதிப்பெண் பட்டியலும் கைக்கு வந்தது. வெளியே வந்ததும் பையன் அந்தப் பட்டியலை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அந்த இரண்டாவது வரியை மறக்காதீர்கள். ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் இந்தச் சலுகை. மூத்தவர் எங்காவது அதை வாங்கியிருந்தால் இளையவருக்குக் கிடையாது. அதனால் முதல் வரி மட்டும் இருந்தால் தாலுகா ஆபீஸில் இன்னொரு கேள்வி கேட்டுத் திருப்பிவிட வாய்ப்பிருக்கிறது.

கடிதத்தை இணைத்த பிறகு சான்றிதழ் விரைவாகவே வந்துவிட்டது, டிஜிட்டல் கையெழுத்தோடு. வந்ததும் முதல் எழுத்தையும் பெயரையும் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். கலந்தாய்வுத் தளத்தில் இந்தச் சான்றிதழை மட்டும் ஏற்றினால் போதாது, மாணவரும் பெற்றோரும் கையெழுத்திட்ட கூட்டு உறுதிமொழிப் படிவமும் வேண்டும். கலந்தாய்வுச் சேவை மையத்தில் சரிபார்க்கும்போது எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு பெண்ணிடம் அது இல்லை. அவளுடைய அம்மா கையெழுத்துப் போட ஊரிலிருந்து கிளம்பி வர வேண்டியதாயிற்று.

இவ்வளவு பாடுபட்டு இந்தச் சலுகையைத் துரத்தியதற்கு வேறொரு காரணமும் உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு 2020-ல் மருத்துவத்துக்கும் 2021-ல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டிவிடும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். எங்கள் பெண் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசு மேல்நிலைப் பள்ளி. ஆறு முதல் எட்டு வரை படித்தது அரசு உதவி பெறும் பள்ளி, ஏனென்றால் நடந்து போகும் தூரத்தில் இருந்தது அது ஒன்றுதான். அதனால் அவள் அந்தக் கணக்கில் வரவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பதாவதில் அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு இந்த ஒதுக்கீடு உண்டு. அது நியாயம்தான், அந்தப் பிள்ளையும் ஏழை வீட்டுப் பிள்ளைதான். ஆனால் உதவி பெறும் பள்ளியில் ஓட்டுக் கொட்டகைக்குக் கீழே தமிழ்வழியில் படித்தவள் எந்த விதத்தில் வசதியானவள்? பள்ளியின் வகையை வைத்துப் பிள்ளையின் வறுமையை அளந்தால் இப்படிச் சிலர் வெளியே நின்றுவிடுகிறார்கள். இந்த ஒதுக்கீடு வேண்டும், நன்றாக இருக்க வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கும் அதில் ஒரு கதவு திறக்க வேண்டும் என்று மனதாரக் கேட்கிறேன்.

கல்லூரியில் சேரப் போனபோது கணக்குப் பிரிவில் முழுக் கட்டணத்தையும் கேட்டார்கள். அரசு பணம் வந்ததும் திருப்பித் தருவோம் என்றார்கள். அக்கா கையில் இருந்த நகைக்கடன் பணம் அதற்குப் போதாது. சலுகையைக் கழித்துத்தான் கட்டுவோம், முடியாது என்றால் அதை எழுத்தில் கொடுங்கள் என்றேன். யாரையோ போய்க் கேட்டுவிட்டு வந்து கழித்துக்கொண்டார்கள். ரசீதில் சலுகைத் தொகை தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சலுகை நான்கு வருடத்துக்கும் உண்டு, எனவே அந்த முதல் ரசீதைத் தொலைக்காதீர்கள்.

கல்லூரியில் படிக்கும் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இப்போது உண்டு. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகிறது. ஆறு முதல் எட்டு வரை தமிழ்வழியில் படித்தாள் என்ற சான்றுக்காகப் பழைய பள்ளித் தலைமையாசிரியரைப் பார்க்கத் திங்கட்கிழமை அக்கா போகிறாள். கடிதத்தில் என்னென்ன வரி இருக்க வேண்டும் என்று இந்த முறை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டேன்.