பழைய பெட்டிக்குள் இண்டியானா ஜோன்ஸ்

2024 டிசம்பரில் வெளிவந்த ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்’ விளையாட்டு, ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களின் போக்கைக் கணக்கிட்டுக் காட்சி வரையும் முறை) வசதியுள்ள கிராபிக்ஸ் கார்டைக் கட்டாயமாக்கியிருப்பதால், என்னிடமிருந்த ஜிடிஎக்ஸ் 1060 கார்டில் காட்சித் தரத்தை எவ்வளவு குறைத்தாலும் அதை ஆட வழியில்லை. குறைந்தபட்சத் தேவையே ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர், 16 ஜிபி ரேம், 120 ஜிபி எஸ்எஸ்டி என்றிருக்க, புதிய கணினியே வாங்கிவிடலாமே என்றார்கள் வீட்டில். எனக்கு மனம் ஒப்பவில்லை.

மதர்போர்டில் பிராசசர் அமரும் சாக்கெட் ஏஎம்4 வகையாக இருந்தது நல்லதாயிற்று. மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துவிட்டால், ரைசன் 5 1600 பிராசசர் இருந்த அதே இடத்தில் ரைசன் 5 5600 அமர்ந்துவிடும். ஆனால் பழைய பிராசசரைக் கழற்றுவதற்கு முன்பே அந்த வேலையை முடித்தாக வேண்டும், இல்லையேல் திரையில் எதுவும் வராது. பிராசசரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கைத் தூக்கும்போது, இரண்டுக்கும் நடுவே பூசிக் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட் பிராசசரையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வருவது இவ்வகையில் அடிக்கடி நடப்பதால், கணினியைச் சற்று நேரம் ஓடவிட்டுச் சூடேற்றி, அணைத்தபின் இடமும் வலமுமாக மெல்லத் திருகியே எடுத்தேன்.

புதிய கிராபிக்ஸ் கார்டு, ஆர்டிஎக்ஸ் 4060. அதன் மின்தேவை 115 வாட்தான், பழையதற்கோ 120. ஆகவே புது எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) வாங்கும் செலவு மிச்சம். 8 ஜிபி வீடியோ மெமரி இன்றைக்குப் போதாது என்பதே என் எண்ணம் என்பதால், டெக்ஸ்சர் (பரப்புகளின் மேல் போர்த்தும் படங்கள்) தரத்தை ஒரு படி இறக்கி வைத்திருக்கிறேன். விளையாட்டில் வரும் வத்திக்கான் சுவர்களில் மூக்கு உரச நின்று பார்த்தாலொழிய வித்தியாசம் தெரிவதில்லை.