எண்ணூர் கழிமுகத்தில் கொடுவா மீன் குறைகிறதா?

வடசென்னையில் தூண்டில்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. "எண்ணூர்ல கொடுவா முடிஞ்சிபோச்சு" என்பார் ஒருவர். "உனக்கு மாட்டலன்னு சொல்லு" என்பார் அடுத்தவர். மூன்றாமவர் போனை எடுத்து, கொடுவாவைத் தூக்கிப் பிடித்து நிற்கும் தன் படத்தைக் காட்டுவார். எந்த வருஷத்துப் படம் என்று மட்டும் சொல்லமாட்டார்.

சரி, வலை போடுகிறவர்களையே கேட்டுவிடலாம் என்று திருவொற்றியூரில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறினேன். நேராக எண்ணூரில் இறங்காமல் அத்திப்பட்டு புதுநகர் வரை போய்த் திரும்புவது என் பழக்கம். நடுவில் ரயில் கொசஸ்தலை ஆற்றைத் தாண்டும் அந்தச் சில நொடிகளில் பாதி விஷயம் தெரிந்துவிடும். புகைபோக்கிகள், தண்ணீருக்குள்ளேயே நிற்கும் மின்கோபுரங்கள், சாம்பல் படிந்து வெளுத்த கரை.

முகத்துவாரத்துக்கு ஷேர் ஆட்டோ உண்டு. நான் போனபோது வத்தம், கடல் தண்ணீர் இறங்கியிருந்த நேரம். இடுப்பளவுத் தண்ணீரில் சிலர் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கை இரண்டும் வேலையில் இருப்பதால், ஓலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துக்கொள்கிறார்கள். அவர்களில் ஒரு அக்கா கரையேறி, கை நிறைய அள்ளி வந்ததைக் காட்டினார். இறால் இல்லை, கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்ட கறுப்புச் சிப்பி. காக்கா ஆழி என்கிறார்கள். அமெரிக்கக் கண்டத்துக் கடல்களைச் சேர்ந்த இது இங்கே வந்து அடிமண்ணையே பாய் விரித்ததுபோல மூடிவிட்டது. இறால் புதையும் சேறு போய்விட்டது. துழாவுகிறவர் விரல்களில் கீறல்தான் மிச்சம்.

தூண்டில்காரர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. இறாலும் மடவைக் குஞ்சும் இல்லாத இடத்துக்குக் கொடுவா எதற்கு வரும்? 'வெளியூர்க்காரன் லூர் (செயற்கை இரை) போட்டு அள்ளிட்டுப் போயிட்டான்' என்று சண்டை போடுவது சுலபம்.

கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவரிடம் கொடுவா பற்றிக் கேட்டேன்.

"மீனு எங்க தம்பி போவப்போவுது? மழைத்தண்ணி எறங்கசொல்ல வருது. மீதி நாள்ல இன்னா இருக்குது உள்ள வர? தண்ணி சுடுது, ஆழம் கெடையாது."

அனல்மின் நிலையத்தின் சூடான கழிவுநீரைச் சொல்கிறார். சாம்பல் கொண்டுபோகும் குழாய்கள் ஒழுகி ஒழுகியே ஆறு தூர்ந்தது என்கிறார். 1970-ல் தொடங்கிய பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டுவிட்டது, ஆனால் ஆற்றுக்கு வடக்கே மற்றவை ஓடுகின்றன. இன்னொரு காரணத்தை நாமும் குடித்துக்கொண்டிருக்கிறோம். கொசஸ்தலையின் நன்னீரை மேலே பூண்டியில் 1944-லிருந்து அணை கட்டித் தேக்கி நகரத்துக்குத் தருகிறார்கள். கொடுவா முட்டையிடுவது உப்புத் தண்ணீரில், குஞ்சு வளர்வது உப்பு குறைந்த உள்தண்ணீரில். மழைக்காலம் போனால் இங்கே அந்தத் தண்ணீர் ஏது? போதாக்குறைக்கு 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாவற்றிலும் அப்பியது. அந்த வலையை எரிக்கத்தான் முடிந்தது என்றார் பெரியவர்.

ஆக, குறைகிறதா என்றால் ஆமாம், குறைகிறது. எனக்கு இதில் சந்தேகமில்லை. ஒருநாள் பெரிய மீன் மாட்டுவது இதற்கு மறுப்பாகாது. இன்னும் சொன்னால், அந்தப் பெரிய மீன்தான் கவலை. கொடுவா முதலில் ஆண், சில வருஷம் கழித்துப் பெருத்தபின் பெண்ணாக மாறும். படத்துக்குத் தூக்கிப் பிடிக்கிற பெரிய மீன் அநேகமாகச் சினை வைக்கிற மீன். பெரியதை விட்டுவிட்டால் என்ன என்று பெரியவரிடம் கேட்டுப் பார்த்தேன்.

"விட்டுட்டு வந்தா ஊட்டுக்கு அரிசி நீ வாங்கித் தருவியா?" என்றவர் வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

திரும்பும்போது காசிமேடு மீன் மார்க்கெட்டில் இறங்கினேன். அங்கே கொடுவாவுக்குப் பஞ்சமே தெரியவில்லை, அச்சில் வார்த்ததுபோல ஒரே அளவில் அடுக்கியிருந்தார்கள். பண்ணை மீன் என்று அந்த அளவே சொல்லிவிடும். கொடுவாக் குஞ்சுகள் ஒன்றையொன்று தின்னும், அதனால் பண்ணையில் அளவு பார்த்துப் பிரித்துப் பிரித்துத்தான் வளர்ப்பார்கள். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-லேயே இந்த மீனைச் செயற்கை முறையில் குஞ்சு பொரிக்க வைத்துவிட்டது. ஆற்றில் குறைவது சாப்பிடுகிறவருக்குத் தெரியாமல் போவது இதனால்தான்.

"ஆத்து மீனாக்கா?" என்று மீன் விற்றவரிடம் கேட்டேன்.

"பண்ணைதான்பா. ஆத்துது வேணும்னா விடியகாலைல வா. வந்திருந்தா எடுத்துவைக்கிறேன்."

இருந்ததில் ஒன்றை வெட்டித் தரச் சொல்லி வாங்கி வந்தேன். குழம்பு நன்றாகத்தான் இருந்தது.