பெயர்ச்சீட்டில் அலாட்டா

சில ஆண்டுகளுக்கு முன் பினாங்கில் ஒரு செடிக்கடையில் 'நெப்பந்தஸ் அலாட்டா' என்ற பெயர்ச்சீட்டோடு வாங்கிய, பூச்சிகளைக் குடுவைக்குள் வீழ்த்தி உண்ணும் குடுவைச்செடியை, அதே பெயரால் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டிவந்தேன். குடுவையின் நடுவில் இடுப்புபோல் ஒரு சுருக்கம் இருப்பதைக் கவனித்த பிறகே ஐயம் எழுந்தது. அந்த இடுப்பு வெண்ட்ரிகோசா இனத்தின் அடையாளம். பிலிப்பைன்ஸைச் சேர்ந்த அலாட்டாவும் வெண்ட்ரிகோசாவும் கலந்து பிறந்த வெண்ட்ராட்டாவே கடைகளில் அடிக்கடி அலாட்டா என்ற பெயரில் விற்கப்படுகிறது. கலப்பினம் என்பதைக் காட்ட, முறைப்படி எழுதும்போது 'நெப்பந்தஸ்' என்ற பேரினப் பெயருக்கும் அடுத்த பெயருக்கும் இடையே பெருக்கற்குறி இடவேண்டும். கடைச்சீட்டில் முதலில் காணாமற்போவது அந்தக் குறிதான்.

நிறத்தை நம்பிப் பெயர் சூட்டுவதே என் பழைய பிழை. ஒரே செடியின் குடுவை வெயிலில் சிவக்கும், நிழலில் பச்சையாகவே இருக்கும். வடிவமும் ஏமாற்றக்கூடியது: தரைக்கு அருகில் தோன்றும் கீழ்க்குடுவைகள் பொதுவாகப் பருத்து, முன்புறம் இறகுபோல் நீளும் இரண்டு மடிப்புகளோடு இருக்க, கொடி ஏறிய பின் வரும் மேற்குடுவைகள் அம்மடிப்பு குறைந்து புனல்போல் நீள்வதால், இரண்டையும் தனித்தனியே பார்ப்பவர் இரு இனங்கள் என்றே எண்ணுவார். ஆகவே இப்போது மூடி, இலையடி, குடுவையைத் தாங்கும் பற்றுக்கம்பி ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்கிறேன்.

மலாய் மொழியில் இவை அனைத்தும் பெரியோக் கெரா, அதாவது குரங்கின் பானை. என் அம்மாவுக்கு அந்த ஒரு பெயரே போதும். ஆனால் எல்லாம் ஒன்றுபோல் அல்ல. தரையில் கூட்டமாக அமரும் ஆம்புல்லாரியா இனத்தின் குறுகிய மூடி பின்னோக்கி மடங்கியிருப்பதால், மேலிருந்து விழும் சருகு நேரே உள்ளே சேர்ந்து அதற்கு உணவாகிறது. பூச்சியுண்ணி என்ற பெயர் அதற்கு முழுமையாகப் பொருந்தாது.

1849இல் தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி விவரித்து வெளியிட்ட ஆல்போமார்ஜினாட்டா இனம் இன்னும் சுவாரசியமானது. 'வெள்ளை விளிம்பு' என்னும் பொருளுடைய அப்பெயர், வாய்க்குக் கீழே மயிர்கள் அடர்ந்த வெண்பட்டையைக் குறிக்கிறது. அம்மயிர்களைத் தின்ன வரும் கறையான்கள் கூட்டமாக உள்ளே விழுகின்றன. பட்டை தின்னப்பட்ட குடுவையிலோ பெயருக்குக் காரணமான வெள்ளையே இராது. அதை மட்டும் பார்த்து இனம் சொல்ல முனைபவர் வழி தவறுவார்.

சென்ற மாதம் ஒரு நண்பர் தம் தோட்டத்துக் கொடியிலிருந்து ஒரு தண்டை வெட்டித் தந்தார். அதில் இருப்பவை இரண்டு மேற்குடுவைகள் மட்டுமே. அடியிலிருந்து புதுக்கிளை தழைத்துக் கீழ்க்குடுவை தோன்றும்வரை, அதன் சீட்டில் 'நெப்பந்தஸ்' என்று மட்டும் எழுதி, மீதி இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.