ஏழே முக்கால் மணி வயிற்றுவலி

பையனுக்கு வயிற்றுவலி. தினமும் காலை ஏழே முக்காலுக்கு, பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரத்தில் சுருண்டு படுத்துவிடுவான். ஞாயிற்றுக்கிழமை வலி கிடையாது. ஓணத்துக்கு விட்ட லீவில் பப்படம் நொறுக்கிப் போட்டு ரெண்டு தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டான். மறுநாள் ஸ்கூல், மறுபடியும் வலி.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம். முதலில் பக்கத்து கிளினிக்கில் கேஸ் மாத்திரை கொடுத்தார்கள். பிறகு நாகர்கோவிலில் ஸ்கேன் எடுத்தோம், எல்லாம் நார்மல். அப்படியானால் நடிக்கிறான் என்று நானாக முடிவு கட்டி ஒரு நாள் கையை ஓங்கிவிட்டேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பத்தாம் வகுப்புவரை தமிழ் மீடியம் படித்தவனை பிளஸ் ஒன்னில் இங்கிலீஷ் மீடியம் சயன்ஸ் குரூப்பில் சேர்த்தது நான்தான். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடம் பிடித்த மாவட்டம் இது. இங்கே கல்யாண வீட்டில்கூட முதலில் பிள்ளையின் மார்க்கைத்தான் கேட்பார்கள்.

ஸ்கூலுக்குப் போனேன். "வீட்ல செல்லம் கூடிப்போச்சு" என்றார் வகுப்பாசிரியர். கவுன்சலிங் யார் பார்க்கிறார்கள் என்று கேட்டதற்கு பி.டி. சாரைக் காட்டினார்கள். தங்கமான மனுஷன். "தம்பி, சாயங்காலம் கிரவுண்டுக்கு வா, ஓடினா சரியாயிரும்" என்றார். அவருக்கும் இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

கடைக்கு வரும் நர்ஸ் ஒருவர்தான் 14416 என்ற எண்ணைச் சொன்னார். 2022 அக்டோபரில் ஆரம்பித்த டெலி மானஸ் என்ற மனநல ஆலோசனை போன் சேவை. காசு கிடையாது, எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுகிறார்கள். ராத்திரி பத்தரைக்கு மொட்டை மாடியில் நின்று கூப்பிட்டேன். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, எத்தனை நாளாக என்று கேட்டுக்கொண்டே வந்தவர், "சாகணும்னு எப்பவாவது சொல்லியிருக்கானா?" என்றார். நான் அவனிடம் கேட்டதே இல்லை. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்று பயப்பட வேண்டாம், நேராகவே கேளுங்கள் என்றார்.

மறுநாள் பைக்கை ஆற்றுப் பாலத்தோரம் நிறுத்திவிட்டுக் கேட்டேன். அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டு, "அப்படில்லாம் இல்லப்பா. ராத்திரி படுக்கும்போ நாளைக்கு விடியாண்டாம்னு தோணும். அவ்வளவுதான்" என்றான். நாற்பது நாளாக நான் கேஸ் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போவதென்று முடிவானதும் என் அக்கா, "ஏல, பிள்ளைய ஊளம்பாறைக்கா கொண்டு போற?" என்று அழுதாள். திருவனந்தபுரத்து மனநல ஆஸ்பத்திரி இருக்கிற இடம் அது. 1956-இல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தாயிற்று, அந்த வசவு மட்டும் இன்னும் திருவிதாங்கூரிலேயே இருக்கிறது.

ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் "மனநலப் பிரிவு" என்று மெல்லச் சொன்னேன். கேட்கவில்லை. இரண்டாவது தடவை சத்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. வரிசையில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவரவருக்கு அவரவர் பாடு.

டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு இருபது நிமிடம் அவனிடம் மட்டும் பேசினார். பிறகு என்னை அழைத்து, "வலி உண்மையான வலிதான், நடிப்பு இல்ல. மனசுல இருக்க பதற்றம் பிள்ளைங்களுக்கு வயிறு வழியாத்தான் வரும்" என்றார். பிசிக்ஸ் பாடம் ஒரு வரிகூடப் புரியவில்லையாம். அதில் எடுத்த மார்க்கை வகுப்பில் சத்தமாக வாசித்திருக்கிறார்கள். இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உளவியல் ஆலோசகரைப் பார்க்க வேண்டும். லீவு போட்டு வீட்டிலேயே வைத்துக்கொண்டால் பயம் கூடத்தான் செய்யும், அரை நாளாவது அனுப்புங்கள் என்றார்.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அப்புறம்தான் படித்தேன். நூறு பிள்ளைகளோ அதற்கு மேலோ படிக்கும் இடத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் வெளியில் இருப்பவர்களிடம் அனுப்ப ஏற்பாடு வேண்டும். மார்க்கை வைத்துப் பிள்ளைகளைப் பொதுவில் அவமானப்படுத்தக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. பிரிண்ட் எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் போனேன். முழுதாக வாசித்துவிட்டு, "எல்லாம் நியாயம்தான். எங்களுக்கு அப்படி ஒரு போஸ்டே கிடையாதே" என்றார். எண்ணூறு பிள்ளைகள் படிக்கிற ஸ்கூல். மார்க் வாசிப்பதை மட்டும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். 14416-ஐ நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள், பீஸ் கட்டும் தேதிக்குக் கீழே.

மூன்று தடவை போய் வந்துவிட்டோம். வலி இப்போது வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் பிசிக்ஸ் இரண்டு பீரியட் வரும் வியாழக்கிழமை. அடுத்த ஓ.பி. புதன்கிழமை. லீவு லெட்டரில் இதுவரை "வயிற்றுவலி" என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். இந்தத் தடவை தானே எழுதுகிறேன் என்று பேப்பரை வாங்கி வைத்திருக்கிறான். "என் மகன்" என்பது வரைக்கும் எழுதியிருக்கிறது.