பென்சிலால் எழுதிய 1, 2, 3

2022 மே 5, ஸ்காட்லாந்தின் வடபகுதி உள்ளாட்சி மன்றமான ஹைலேண்ட் கவுன்சிலுக்குத் தேர்தல். ஊர் மண்டபத்தில் போய் ஓட்டுப் போட்டேன். விரலில் மை கிடையாது. நூலில் கட்டிய ஒரு பென்சில், அவ்வளவுதான். பெருக்கல் குறி போடாமல், பிடித்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2, அப்புறம் 3 என்று எண் எழுத வேண்டும். ஸ்காட்லாந்து உள்ளாட்சிக்கு 2007 முதல் இதுதான் முறை. நாம் 1 போட்டவர் தேறாவிட்டால் ஓட்டு 2 போட்டவருக்குப் போய்ச் சேரும். வீணாகாது என்பதே பெரிய நிம்மதி.

எனக்கு முன்னால் பள்ளிச் சீருடையில் ஒரு பெண். இந்தத் தேர்தலில் 16 வயதிலேயே ஓட்டு உண்டு. அவள் நெடுநேரம் யோசித்து யோசித்து எழுதியதைப் பார்த்தபோது மனசு நிறைந்துவிட்டது.

இந்தப் பக்கம் பலர் கட்சியைவிட ஆளைத்தான் பார்க்கிறார்கள். ஜெயித்த 74 பேரில் 21 பேர் சுயேச்சைகள். ஆர்க்னி தீவுகளில் 21-க்கு 19! சரிதானே, பனிக்காலத்தில் சாலைக்கு உப்புத் தூவுவதும், பிள்ளைகளின் பள்ளிப் பேருந்தும் இவர்கள் கையில்தான்.

அடுத்த தேர்தல் 2027 மே மாதம். இங்கே சட்டப்படி வசிக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்களுக்கும் ஓட்டு உண்டு. பெயரை இப்போதே பதிந்துவிடுங்கள்.